பளபளத்த தகடு ஏன் கிழிகிறது?

மும்பை மின்சார ரெயிலில் ஆபீசுக்குப் போகிறவர்களின் பைகளில் எவர்சில்வர் டப்பா இல்லாத பை குறைவு. அந்த டப்பாக்கள் பிறக்கும் இடங்களில் ஒன்று பாயந்தர். வட்டமாக வெட்டிய தகட்டுக்குப் பட்டறையில் "சர்க்கிள்" என்று பெயர். அதை டையின் மேல் வைத்து, ஓரத்தை அழுத்திப் பிடித்து, நடுவில் பஞ்சை இறக்கினால் தகடு கிண்ணமாகிவிடும். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது!

சில நேரம் அடிப்பாகம் தனியே பிய்ந்து வரும். பழி யார் மேல்? பிரசில் நிற்கும் தொழிலாளி மேல்தான். கூலியில் கை வைக்கிற முதலாளியும் உண்டு.

ஆனால் குற்றம் தகட்டின் தோலில் இருக்கலாம்.

கண்ணாடி போன்ற தகடு டைக்குள் வழுக்கிக்கொண்டு போகும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. எண்ணெய் தங்கப் பள்ளம் வேண்டும். சாதாரண "2 பி" தகட்டின் மேடு பள்ளம் சராசரியாக ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்கும் குறைவு. அந்தக் குழிகள்தான் எண்ணெய்க் கிண்ணங்கள். அதிகம் பளபளத்த தகட்டில் அழுத்தம் ஏறியதும் எண்ணெய் பிதுங்கி ஓடிவிடும். மங்கலான தகடு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். ரொம்பச் சொரசொரப்பானாலும் வம்புதான். பிறகு பாலீஷ் போடுகிறவர் பாடு திண்டாட்டம்.

எவர்சில்வருக்கு இன்னொரு குணம். துருவைத் தடுப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமிய ஆக்சைடுப் படலம். எண்ணெய் இல்லாத இடத்தில் அது உரிந்தால், உள்ளே இருக்கும் உலோகம் டையில் அப்பிக்கொள்ளும். அந்தப் பொருக்கு அடுத்து வரும் ஒவ்வொரு டப்பாவிலும் கோடு கிழிக்கும்.

அதற்காக இரண்டு பக்கமும் எண்ணெயை அள்ளிப் பூசலாமா? கூடாது. டைப் பக்கம் நன்றாக வேண்டும். பஞ்சின் முகத்தில் கொஞ்சம் பிடிப்பு இருப்பதே நல்லது. அந்தப் பிடிப்புதான் அடித்தகடு மெலிந்து கிழியாமல் காக்கிறது.

ஆழமான பாத்திரத்தை ஒரே இழுப்பில் எடுக்க முடியாது. நடுவில் ஏறத்தாழ 1,050 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் பதப்படுத்தி, இறுகிய தகட்டை இளக்க வேண்டும். அதற்கு முன் எண்ணெயைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் கறை பிடிக்கும்.

விளிம்பு சுருங்கினால் ஓரப்பிடி தளர்வு. அடிமூலை கிழிந்தால் தகடு உள்ளே வரவில்லை என்று அர்த்தம்: ஓரப்பிடி இறுக்கம், எண்ணெய்க் குறை, அல்லது டையில் பொருக்கு. பிரசை நிறுத்திவிட்டு டையின் வளைவில் பஞ்சுத் துணியை ஓட்டிப் பார்க்கலாம். பொருக்கு இருந்தால் நூல் மாட்டும்.