கப்பல் பஞ்சரானா யாரு சொல்றது?

பந்தல்குடி பஸ் ஸ்டாப்புல நின்னிருக்கீங்களா? தூத்துக்குடி ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரிங்க வந்துக்கிட்டே இருக்கும். டயர் பஞ்சரானா டிரைவருக்கு அடுத்த நிமிஷமே தெரிஞ்சிடும். அந்தப் பெட்டிகளை ஏத்திக்கிட்டுப் போற கப்பலோட அடிவயித்துல ஓட்டை விழுந்தா? மூடிப்போட்ட சரக்கு அறைக்குள்ள ராத்திரி தண்ணி ஏறினா எட்டிப் பார்க்க ஆளே கிடையாது பாஸ்!

1980 செப்டம்பர்ல 'டெர்பிஷயர்'னு ஒரு பிரிட்டிஷ் கப்பல் ஜப்பான் பக்கம் புயல்ல மூழ்கிச்சு. 44 பேர் காலி. 'காப்பாத்துங்க'னு ஒரு மெசேஜ்கூட வரலை. இப்படி அடி மேல அடி வாங்கின பிறகு, நிலக்கரி, தாது ஏத்துற கப்பல்களுக்கு 2004 ஜூலையிலிருந்து தண்ணி சென்ஸார் கட்டாயமாச்சு. உங்க வீட்டு மொட்டை மாடி டேங்க்ல மோட்டாரை நிறுத்துதே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். அரை மீட்டர் தண்ணி ஏறினா முதல் அலாரம். அறையோட உயரத்துல 15 சதவிகிதம், அதிகபட்சம் 2 மீட்டர் தொட்டா அடுத்த அலாரம். பழைய கப்பலா இருந்தாலும் மாட்டியே ஆகணும்.

கன்டெய்னர் கப்பலுக்கு? இங்கதான் உதைக்குது. அதுக்கான விதி 2024 ஜனவரிக்கு அப்புறம் கட்டுற கப்பலுக்கு மட்டும்தான்! விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன 'எம்.எஸ்.சி. எல்சா 3' 1997-ல கட்டினது. 2025 மே 24-ம் தேதி ஒரு பக்கமா சாய்ஞ்சது, மறுநாள் 640 கன்டெய்னரோட முங்கிடுச்சு. 12 பெட்டியில கால்சியம் கார்பைடு. மாங்காயைத் திருட்டுத்தனமா பழுக்க வைக்கிறாங்களே, அந்தக் கல்லுதான். 24 பேரும் உயிர் பிழைச்சாங்க. பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரி கரை வரைக்கும் ஒதுங்கினது. சென்ஸார் இருந்திருந்தா தப்பிச்சிருக்கும்னு சொல்ல வரலை. ஆனா பழசுக்குத்தானே முதல்ல டாக்டர் வேணும்?

அலாரம் அடிச்சா மட்டும் போதாது. எந்த அறையில எவ்வளவு தண்ணின்னு கணக்குப் போட்டு, எதிர்ப்பக்கத் தொட்டியில தண்ணி நிரப்பி நிமிர்த்துறதா, இருக்கிறதை இறைக்கிறதான்னு முடிவு எடுக்கணும். கணக்கு பிசகினா இன்னும் சாயும்.

இ.சி.இ. பசங்களே, ப்ராஜெக்ட் தேடுறீங்களா? ஒரு டிரம்ல பாதி உப்புத் தண்ணி ஊத்தி, சென்ஸாரை மாட்டி, நல்லா ஆட்டுங்க. அலையடிச்சா அது வாயைத் திறக்கக்கூடாது. தண்ணி ஏறினா மட்டும் கத்தணும். செஞ்சு பாருங்க, அப்புறம் பேசுவோம்!