உழவு யந்திரப் பொருத்துச் சட்டத்தை ஒட்டலும் வலுப்படுத்தலும்

திருகோணமலை மாவட்டத்திற் பெரும்போகம் வடகீழ்ப் பருவமழையோடு தொடங்குகின்றது. மண் நனைந்ததும் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில், கந்தளாய் ஆகிய பகுதிகளில் உழவு ஏறக்குறைய ஒரே காலத்தில் நடைபெறும். அச்சில கிழமைகளில் ஒரு கலப்பையின் சட்டம் முறிந்தால், நட்டம் அதன் சொந்தக்காரரோடு நின்றுவிடுவதில்லை. அவருடைய யந்திரத்தைக் கூலிக்கு எதிர்பார்த்திருக்கும் அயல்வயற் கமக்காரரும் பருவந் தப்பி விதைக்க நேரிடும்.

நெல் வயலுக்கான ஒன்பது கொழுக் கலப்பை, வரம்பு கட்டும் கருவி, மட்டப் பலகை என்பவற்றையும், நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் நிலங்களில் மரக்கறிப் பயிருக்குச் சால் இழுக்கும் கருவியையும், ஊர்ப் பட்டறைகளிலேயே செய்வித்துக் கொள்ளலாம். செலவு குறையும்; நிலத்துக்கு ஏற்றபடி அகலத்தையும் அமைக்கலாம். ஆயினும், சட்டம் முறிந்தவுடன் அதன்மேல் இன்னுமொரு தடித்த இரும்பை வைத்து ஒட்டிவிடும் வழக்கம் பயன் தருவதன்று. புதிய இரும்பு முடியும் இடத்திலேயே அடுத்த முறிவு தோன்றும். சட்டம் பெரும்பாலும் இரும்பின் நடுவில் முறிவதில்லை. மூட்டின் ஓரத்திலேயே முறிகின்றது. ஆதலால், வலுப்படுத்துதல் என்பது இரும்பைக் கூட்டுதலன்று. இழுவிசை செல்லும் வழியை மூட்டுக்கு மூட்டுச் சீர்செய்தலேயாம்.

மும்முனை இணைப்பின் வரலாறு

உழவு யந்திரத்தின் பின்புறத்திலுள்ள மும்முனை இணைப்பு உயிரிழப்பைத் தடுக்கும் நோக்கமும் கொண்டு உருவானது. அயர்லாந்திற் பிறந்த ஹரி பேர்குசன் என்பவர் முதலாம் உலக யுத்தக் காலத்தில், 1917 ஆம் ஆண்டில், அந்நாட்டின் உழவு யந்திர வேலைகளை மேற்பார்வை செய்தார். அக்காலத்திற் கலப்பை யந்திரத்தின் பின்னே இழுத்துச் செல்லப்பட்டது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டியபோது, யந்திரத்தின் முன்பக்கம் மேலெழுந்து சாரதியின்மேற் கவிழ்வதுண்டு. இதனைக் கண்ட பேர்குசன் கலப்பையையும் யந்திரத்தையும் ஓருடலாக இணைக்கும் முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நீரழுத்தத் தூக்கியுடன் கூடிய அவருடைய இணைப்பு 1936 இல் விற்பனைக்கு வந்தது. 1946 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் அவருடைய பெயர் பெற்ற சாம்பல் நிற யந்திரத்தின் உற்பத்தி தொடங்கிற்று. 1953 இல் அவருடைய நிறுவனம் மசி ஹரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. இலங்கை வயல்களில் நன்கு பழக்கமான மசி பேர்குசன் யந்திரங்கள் அவ்வழி வந்தவையே.

இம்முறையின் பாதுகாப்பு, சட்டம் மூன்று முனைகளிலும் செம்மையாக நிற்பதைப் பொறுத்தது. இதனை அறியாது, கலப்பையையோ மரக்குற்றியையோ சங்கிலியால் மேற் கையின் முனையிலேனும் பின் அச்சிலேனும் கட்டி இழுத்தல் ஒருபோதும் ஆகாது. அவ்வாறு இழுத்தால் அன்று போலவே இன்றும் யந்திரம் பின்னோக்கிக் கவிழும்.

விசை செல்லும் வழி

உழும்போது மண் கொழுக்களைப் பின்னோக்கித் தடுக்கின்றது. ஆதலாற் கீழ்க் கைகள் இரண்டும் சட்டத்தை முன்னே இழுக்க, சட்டத்தின் உச்சி முன்னே சாய்ந்து மேற் கையை அழுத்துகின்றது. வயலோரத்திற் கலப்பையைத் தூக்கும்போது இது மாறிவிடும். அப்போது கலப்பையின் பாரம் உச்சியைப் பின்னே இழுக்கின்றது. ஒவ்வொரு திருப்பத்திலும் இவ்வாறு விசை திசை மாறுவதால், கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பது போல, மூட்டில் மெல்லிய வெடிப்பு உண்டாகி நாளடைவில் வளர்கின்றது.

எனவே நிமிர்ந்து நிற்கும் உச்சித் தூணை அடியில் மாத்திரம் ஒட்டி விடலாகாது. தூணின் உச்சியிலிருந்து சட்டத்தின் பின் குறுக்கு வரையில் இரு சாய்வுத் தாங்கிகள் அமைத்தல் வேண்டும். தூணும் சட்டமும் தாங்கியும் முக்கோணமாக நின்றால் மூட்டு வளைவதில்லை. கொழுக்கள் சமமின்றி மாட்டும்போது சட்டம் முறுக்குண்ணும். முறுக்கத்தைத் தாங்குவதில் ‘அங்கிள்’ எனப்படும் கோண இரும்பிலும் ‘சனல்’ எனப்படும் பள்ள இரும்பிலும் பார்க்க, நான்கு பக்கமும் மூடிய பெட்டி இரும்பே சிறந்தது.

அளவுகள்

சிறிய, நடுத்தர யந்திரங்களின் இணைப்பு முதலாம் வகையைச் சேர்ந்தது. அதில் ‘பின்’ எனப்படும் கீழ் முளைகள் 22 மில்லிமீற்றர் விட்டமும், மேல் முளை 19 மில்லிமீற்றர் விட்டமும் உடையவை. கீழ் முனைகளுக்கிடையே 683 மில்லிமீற்றரும், கீழ் முனையிலிருந்து மேல் முனைக்கு 460 மில்லிமீற்றரும் இருத்தல் வேண்டும். இரண்டாம் வகையிற் கீழ் முளை ஏறக்குறைய 28 மில்லிமீற்றர்; கீழ் முனைகளின் இடைவெளி 825 மில்லிமீற்றர். சட்டத்தை வெட்டுமுன் தத்தம் யந்திரத்தை அளந்து எவ்வகையென உறுதி செய்தல் நன்று. இரும்பின் தடிப்பை, அதே அகலமுள்ள ஆலைக் கலப்பையொன்றை அளந்து, அதிற் குறையாமல் எடுத்தல் வேண்டும். ஊர்வழக்கில் லாண்ட்மாஸ்டர் எனப்படும் இரு சில்லு யந்திரத்துக்கு இவ்வளவுகள் பொருந்தா. ஆயினும் கீழே கூறப்படும் ஒட்டு முறைகள் அதன் கருவிகளுக்கும் ஏற்றவையே.

முளையை ஒற்றைத் தகட்டிலிருந்து வெளியே நீட்டி ஒட்டுவதிலும், இரு தகடுகளுக்கிடையே கோத்துப் பூட்டுவது வலுவானது. தகட்டின் துளையைத் துளைகருவியாலேயே இடுதல் வேண்டும். தீச்சுவாலையால் உருக்கி இட்ட துளையின் ஓரம் ஒழுங்கற்றது. அங்கே வெடிப்பு எளிதிற் பிறக்கும். முளைகள் பதமிட்ட உருக்கினால் ஆனவை. அவற்றுக்குப் பதிலாகக் கட்டிடக் கம்பியைச் செருகுதலும், வளைந்த முளையை ஒட்டித் திருத்துதலும் ஆபத்தானவை.

ஒட்டும் முறை

‘வெல்டிங்’ எனப்படும் உருக்கி ஒட்டும் வேலையில் தூய்மையே முதலாவது. துரு, நிறப்பூச்சு, எண்ணெய், சேறு யாவும் இரும்பு பளிச்சிடும்வரை அராவி நீக்கப்படல் வேண்டும். ஏறக்குறைய 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ள இரும்புகளை முனைக்கு முனை சேர்ப்பதாயின், ஓரங்களைச் சாய்வாக அராவி, 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, அடிவரை உருகி நிரம்புமாறு ஒட்டுதல் வேண்டும். மேலே மாத்திரம் படிந்த ஒட்டு அழகாகத் தோன்றினும் பாரந் தாங்காது.

முதலிற் சட்டத்தைப் புள்ளி புள்ளியாக ஒட்டி, இரு மூலைவிட்டங்களும் சமமாவென அளந்த பின்னரே முழு ஒட்டைத் தொடங்குக. ஒரு பக்கத்தைத் தொடர்ந்து ஒட்டாது எதிரெதிர்ப் பக்கங்களை மாறி மாறி ஒட்டினால் சட்டம் கோணாது. ஒவ்வொரு அடுக்கின் மேலுள்ள கசட்டையும் தட்டி அகற்றியே அடுத்த அடுக்கை இடுதல் வேண்டும். சூடான மூட்டில் நீர் ஊற்றலாகாது.

பொது வேலைக்கு 6013 இலக்கக் குச்சி போதியது. தடித்த, பாரந் தாங்கும் மூட்டுக்கு 7018 இலக்கக் குச்சி சிறந்தது. ஆனால் அது ஈரம் படாதது ஆயிருத்தல் வேண்டும். கடற்காற்று வீசும் இம்மாவட்டத்திற் பெட்டி திறந்து கிடந்த குச்சி ஈரத்தை உறிஞ்சும். அவ்வீரத்தால் ஒட்டினுள் ஐதரசன் வாயு புகுந்து, ஒட்டிய சில மணி நேரத்தின் பின்னரும் வெடிப்பை உண்டாக்கக் கூடும். வாயு பாய்ச்சி ஒட்டும் யந்திரமாயின் காற்று மறைப்பு அவசியம். இல்லையேல் வாயு கலைந்து ஒட்டிற் சிறு துளைகள் தோன்றும்.

பழைய லொறி வில் தகடுகளைச் சட்டத்துக்கு ஒட்டுதல் நன்றன்று. அவை கரிச்சத்து மிகுந்த உருக்கு. ஒட்டின் அருகே கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையடையும்.

வெடித்த சட்டத்தைத் திருத்துதல்

வெடிப்பின் நீளத்தை அறிய, அவ்விடத்தைத் துப்புரவாக்கி மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரத்தின் பின் துடைத்து, வெண்கட்டியைத் தேய்க்குக. வெடிப்பினுள் நின்ற எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். பின்பு எண்ணெயை முற்றாக நீக்கி, வெடிப்பின் இரு நுனிகளிலும் சிறு துளை இட்டால் அது மேலும் ஓடாது. வெடிப்பை அடிவரை சாய்வாக அராவி எடுத்து நிரப்பி ஒட்டிய பின்னரே மேலே தகடு வைத்தல் வேண்டும். அத்தகட்டின் முனைகள் சட்டத்துக்குக் குறுக்கே நேராக முடியாது, சாய்ந்து கூர்ந்து முடிவது நன்று. முக்கோணத் தாங்கு தகடு வைப்பின், மூலையிற் படும் அதன் நுனியைச் சிறிது வெட்டி விடுக. ஒட்டுக்கள் ஒரே புள்ளியிற் குவிதலை அது தடுக்கும்.

கொழு வேரில் மாட்டும்போது விட்டுக்கொடுக்கும் வில்லோ, முறிந்து விழும் மரையாணியோ இருத்தல் அவசியம். அம்மரையாணி அடிக்கடி முறிகின்றதென்று அதனிலும் வலியதைப் பூட்டினால், அடுத்து முறிவது சட்டமாகும். மலிவான மரையாணி முறிவதே கமக்காரருக்கு இலாபம்.

எச்சரிக்கைகள்

ஒட்டு வேலைக்குக் கலப்பையை யந்திரத்திலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும். யந்திரத்தின் சொந்தக் கைகளை ஒட்டித் திருத்தாது புதியன வாங்குக. எரிபொருள் இருந்த பீப்பாவை, வெறுமையாயினும், வெட்டவோ ஒட்டவோ கூடாது. அது வெடிகுண்டுக்கு ஒப்பானது. நாகம் பூசிய இரும்பை ஒட்டும்போது எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். பூச்சை அராவி நீக்கிக் காற்றோட்டமான இடத்தில் ஒட்டுக. ஈர நிலத்தில் வெறுங் காலோடு நின்று ஒட்டுதல் மின்னதிர்ச்சிக்கு ஏதுவாகும். கண்மறைப்பின்றி ஒளியைப் பார்த்தலும், பார்க்கக் கூடும் சிறுவரை அருகில் விடுதலும் ஆகா.

பாரம் கூடிய சட்டம் யந்திரத்தின் முன் சில்லுகளை இலேசாக்கும். வரம்பேறும்போது முன்பக்கம் எழுமாயின், சட்டத்தின் பாரத்தைக் குறைத்தல் அல்லது முன்புறத்திற் பாரம் சேர்த்தல் வேண்டும். தூக்கிய கலப்பையின் கீழ் எவரும் நுழையலாகாது. பார்வையிடுமுன் அதனைக் கட்டையின்மேல் இறக்கி வைத்தல் வேண்டும்.

வேலை முடிந்த சட்டத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சிட்டு, பெட்டி இரும்பின் வாய்களை முற்றாக ஒட்டி மூடுக. முதல் அரைநாள் உழவின் பின் எல்லா மூட்டுக்களையும் சோதித்து, தளர்ந்த சுரைகளை இறுக்குக. போகம் முடிந்ததும் உப்புச் சேற்றை நன்னீராற் கழுவி, உலர்த்தி, கூரையின் கீழ் வைத்தல் வேண்டும். வெடிப்பைத் தேடும் வேலையை மழை தொடங்கும்வரை பின்போடாது ஆவணி, புரட்டாதி மாதங்களிற் செய்து முடிக்கும் கமக்காரர், மண் நனைந்த அன்றே வயலில் இறங்கலாம்.