வெட்டுக்கு ஒரு கணக்கு! தப்பினால் வேலை கெட்டது!

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குக் கால் கிடையாது. ஆனாலும் அது மாவட்டம் மாறியிருக்கிறது! முன்பு செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் காஞ்சிபுரம் மாவட்டம். 2019-ல் மறுபடியும் செங்கல்பட்டு. கோயில் நகரவில்லை. விலாசத்தின் முன்பகுதிதான் மாறியது.

கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு விலாசக் கூத்து உண்டு.

ஒட்டுப் போடும் கருவி

பலர் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதுகிறார்கள். அதில் ஒருவர் பிழை திருத்துகிறார். முழுவதையும் அவர் அனுப்புவதில்லை. "இந்த வரியை எடு, இந்த வரியைப் போடு" என்று ஒரு சீட்டு அனுப்புகிறார். அந்தச் சீட்டைப் படித்துத் திருத்தும் கருவிக்கு 'பேட்ச்' என்று பெயர். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவது போலத்தான்! 1985-ல் அமெரிக்கரான லாரி வால் இதை எழுதினார்.

எந்தக் கோப்பைத் திருத்துவது? சீட்டின் தலையில் விலாசம் இருக்கும்.

'ஏ'யும் 'பி'யும்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய 'கிட்' என்ற கருவி இந்தச் சீட்டை எழுதித் தரும். பழைய கோப்புக்கு முன்னால் 'ஏ', புதியதற்கு முன்னால் 'பி' என்று சேர்க்கும். உதாரணம் பாருங்கள்:

ஏ/செங்கல்பட்டு/மாமல்லபுரம்/கட்டணம்
பி/செங்கல்பட்டு/மாமல்லபுரம்/கட்டணம்

உண்மையில் 'ஏ' என்றொரு பெட்டியே கிடையாது. அது வெறும் அடையாளம். ஆகவே, முன்னாலிருந்து எத்தனை துண்டு வெட்டுவது என்று பேட்சுக்கு எண் சொல்ல வேண்டும். 1 என்றால் 'ஏ' மட்டும் போகும். விலாசம் சரி!

எண் தவறினால்?

0 என்றால் எதுவும் வெட்டுப்படாது. இல்லாத 'ஏ' பெட்டியைத் தேடி பேட்ச் திண்டாடும். 2 என்றால் செங்கல்பட்டும் போய்விடும்! சிலர் 'ஏ', 'பி' வேண்டாமென்று கிட்டில் நிறுத்திவிடுவார்கள். அந்தச் சீட்டுக்கு வழக்கம்போல் 1 சொன்னாலும் இதே கதிதான்.

எண்ணே சொல்லாவிட்டால்? கடைசிப் பெயரை மட்டும் பேட்ச் பார்க்கும். தெருவில் நின்று "முருகன் வீடு எது?" என்று கேட்பது போல! பழைய வரிகள் பொருந்தாவிட்டால் திருத்த மறுக்கும். அதே பெயரில், அதே வரிகளோடு வேறு கோப்பு இருந்தாலோ, ஒட்டு வேறு வேட்டியில் விழும்!

திருடன் நுழையும் ஓட்டையை அடைக்க வந்த திருத்தமானால் என்ன ஆகும்? ஓட்டை அப்படியே இருக்கும்!

ஒத்திகை உண்டு

இதற்கு வழி இருக்கிறது. பேட்சில் ஒத்திகை வசதி உண்டு. எதையும் மாற்றாமல், எந்தக் கோப்பில் ஒட்டும் என்று முதலில் சொல்லிவிடும். சீட்டின் தலையைப் படியுங்கள். ஒத்திகை பாருங்கள். பிறகு வெட்டுங்கள்!