நன்னீர் செதுக்கிய கடற்கரை

பிரான்ஸின் தெற்கே, மார்சேய் நகரின் விளிம்பிலுள்ள கால்லோங் என்ற சிறு படகுத்துறையில் தொடங்கி, கஸ்ஸி என்ற துறைமுக ஊர் வரை மத்தியதரைக் கடலை ஒட்டி ஒரு நடைத்தடம் செல்கிறது. நீளம் சுமார் 28 கிலோமீட்டர். வெள்ளைப் பாறை முகடுகளில் ஏறி, ஒடுங்கிய கடற்கழிகளுக்குள் இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகத் தீட்டிய பட்டைகள் வழிகாட்டும்.

இங்கே நடப்பவர்கள் குடிநீர் முழுவதையும் சுமந்துகொண்டே போக வேண்டும். வழியில் ஊற்றும் இல்லை, ஓடையும் இல்லை. ஆனால், சொட்டு நீர் கிடைக்காத இந்தக் கரையைச் செதுக்கியதே நன்னீர்தான்!

மழை எங்கே போகிறது?

இந்தப் பாறை சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் பிறந்தது. சிப்பி வகை உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அவற்றைக் கரைத்து அகலமாக்குகிறது. பெய்த மழை, சல்லடையில் ஊற்றியதுபோல உள்ளே போய்விடுகிறது. தரை வறண்டிருக்க, நதிகள் பூமிக்கடியில் ஓடுகின்றன.

அப்படி ஒரு நதி, கஸ்ஸிக்கு அருகே போர்-மியு என்ற கழியில் கடல்மட்டத்துக்குக் கீழே வந்து கலக்கிறது. அதன் குகைவழியே முக்குளிப்பவர்கள் 200 மீட்டருக்கும் கீழே இறங்கியிருக்கிறார்கள். கடலில் கலக்கும் நதி, கடல்மட்டத்துக்கு இவ்வளவு கீழே எப்படிக் குகை குடைந்தது?

வற்றிய கடல்

சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் பெருங்கடலுடனான தொடர்பு அடைபட்டு, மத்தியதரைக் கடல் வற்றத் தொடங்கியது. நீர்மட்டம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தாழ்ந்தது என்று புவியியலாளர்கள் பலர் கணிக்கிறார்கள். கடல் இறங்க இறங்க, நதிகளும் நிலத்தடி நீரும் ஆழமாகக் குடைந்துகொண்டே போயின. 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் மீண்டும் நிரம்பியது. போர்-மியுவின் ஆழ்குகைகள் அந்த வறட்சிக் காலத்தின் தடயங்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இன்று நாம் காணும் கழிகளை இங்கே ‘கலாங்க்’ என்கிறார்கள். நார்வேயின் ஃபியோர்டுகளைப் பனியாறுகள் குடைந்தன. இங்கே அந்த வேலையைச் செய்தவை மழையும் ஓடைகளும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆன்-வோ போன்ற கழிகள் அப்போது உலர்ந்த பள்ளத்தாக்குகள். பனி உருகியதும் கடல் அவற்றுக்குள் ஏறிவந்தது. ஆகவே இந்தத் தடத்தில் நடப்பவர், அடிப்பகுதி மூழ்கிப்போன ஒரு மலைநாட்டின் மேல்பாதியில் நடக்கிறார்.

அந்த நாட்டில் மனிதர்களும் வாழ்ந்தார்கள். 1985இல் ஆன்ரி கொஸ்கேர் என்ற முக்குளிப்பாளர், மொர்ஜியு முனையின் கீழே 37 மீட்டர் ஆழத்தில் ஒரு குகைவாயைக் கண்டார். நூறு மீட்டருக்கும் நீளமான சரிவுப்பாதை, நீர் நிரம்பாத ஓர் அறைக்கு இட்டுச்சென்றது. சுவர்களில் கைத்தடங்கள், குதிரைகள், கடல்நாய்கள், அற்றுப்போன பேரோக் பறவைகள்! மிகப் பழையவை 27,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. அவற்றை வரைந்தவர்கள் நடந்தே உள்ளே போனார்கள். கடற்கரை அன்று பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இன்று ஏறிவரும் கடல், அங்குள்ள குதிரை ஓவியங்களின் அடிப்பகுதியைத் தொடுகிறது.

மண்ணைக் காக்கும் கணக்கு

சுண்ணாம்புக்கல் கரைந்தால் பெரும்பகுதி நீரோடு போய்விடும். எஞ்சும் சிறிதளவு களிமண்தான் பாறை இடுக்குகளில் சேர்ந்து மண்ணாகிறது. அலெப்போ பைன் மரங்கள் வேர்விட்டிருப்பது அந்த மெல்லிய படலத்தில்தான். ஆயிரக்கணக்கான கால்கள் மிதிக்கும்போது மண் பெயர்கிறது, மழை அதை அடித்துச் செல்கிறது, வேர்கள் வெளியே தெரிகின்றன, விதைகள் முளைத்தாலும் மிதிபட்டுச் சாகின்றன.

2012இல் உருவான கலாங்க் தேசியப் பூங்கா இதற்கு ஒரு முடிவெடுத்தது. கோடையில் ஒரே நாளில் சுமார் 2,500 பேர் வரை குவிந்த சுஜித்தோன் கழிக்கு, 2022 முதல் கோடை உச்சத்தில் நாளொன்றுக்கு 400 பேருக்கு மட்டுமே அனுமதி. முன்பதிவு கட்டாயம், கட்டணம் இல்லை. காட்டுத்தீ அபாயம் உள்ள நாட்களில் தடங்களையே மூடுகிறார்கள்.

இயற்கையைப் பார்க்கும் உரிமையை இது பறிப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால், பாறை கரைந்து ஒரு பிடி மண் சேரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். அதை இழக்கச் சில கோடைகளே போதும். இந்த வேக வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு போட்ட கணக்குதான் அந்த 400. அழகான இடங்களைத் திறந்துவிடும் ஒவ்வோர் அரசும், அங்கே மண் எவ்வளவு மெல்லியது என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும்.