சாவி யாரிடம்? கழிப்பறை, டிரையல் ரூம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

'பெண்கள்' என்று பெயின்ட்டில் எழுதிய கதவு. அதில் ஒரு பூட்டு. சாவி கேட்டால், "கிளீன் பண்ற அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று பதில் வரும். பஸ்ஸில் ஊர் ஊராகப் போன எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கதவைத் தெரியும். தனிக் கழிப்பறை, உடை மாற்றும் அறை பற்றி மக்கள் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

ஆண், பெண்ணுக்குத் தனித்தனிக் கழிப்பறை கட்டாயமா?

வேலை பார்க்கும் இடம் என்றால் கட்டாயம். இது புதிய சலுகை இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 19-ஆவது பிரிவிலேயே இதைச் சொல்லிவிட்டது. மறைப்பு, வெளிச்சம், காற்றோட்டத்துடன் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்பது அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின் கணக்கு. கைகால் கழுவும் இடத்தைக்கூடப் பிரித்து மறைக்கச் சொன்னது 42-ஆவது பிரிவு.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு, 2020-இல் நிறைவேறிய தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. கழிப்பறை மட்டுமல்ல, குளிக்கும் இடம், லாக்கர் அறை ஆகியவையும் ஆண், பெண், திருநர் ஊழியர்களுக்குத் தனித்தனியாக வேண்டும் என்கிறது அது. பத்துப் பேர் வேலை பார்க்கும் நிறுவனம் என்றாலே இதற்குள் வந்துவிடும். பெரிய ஜவுளிக்கடைகள் தப்ப முடியாது. விற்பனைப் பெண்கள் உட்கார ஒரு நாற்காலி கொடுங்கள் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. மாடியிறங்கி, சூப்பர்வைசரிடம் சொல்லி, பத்து நிமிடத்தில் திரும்ப வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் நிற்கிற பெண்ணுக்கு, கட்டடத்தின் ஏதோ ஒரு மூலையில் கழிப்பறை 'இருக்கிறது' என்பதில் என்ன லாபம்?

பள்ளிகளுக்கு 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். மாணவர், மாணவியருக்குத் தனித்தனிக் கழிப்பறை அதன் அட்டவணையிலேயே இருக்கிறது.

வழியில் போகிறவர்களுக்கு?

சட்டம் மெலிந்து போவது இங்கேதான். முதலாளியைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பயணி உள்ளாட்சியைத்தான் நம்ப வேண்டும். மும்பை உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில், புனே மாநகராட்சி தொடர்பான வழக்கில், பெண்களுக்குப் போதிய பொதுக் கழிப்பறை இருப்பதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்துப் பார்த்தது. வேறு மாநிலத் தீர்ப்புதான் என்றாலும், இங்கே வழக்குப் போடுகிறவர்கள் கையில் எடுக்கக்கூடிய ஆயுதம்.

'எந்த ஹோட்டலிலும் கழிப்பறையை இலவசமாகப் பயன்படுத்தலாம், 1867-ஆம் ஆண்டு சட்டம் இருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

வருகிறது, வருடா வருடம் வருகிறது. அவர்கள் சொல்வது சராய் சட்டம், அதாவது அந்தக் காலத்துச் சத்திரங்களுக்கான சட்டம். சத்திரத்தைப் பதிவு செய், அறைகளையும் கிணற்றையும் சுத்தமாக வை, காவலாள் போடு, கட்டணப் பட்டியலை மாட்டு என்று சத்திரக்காரருக்கு அது கட்டளையிடுகிறது. தடையில்லாமல் உள்ளே விட வேண்டும் என்று ஒரு வரி உண்டு. ஆனால் அது சோதனைக்கு வரும் மாஜிஸ்திரேட்டை விடச் சொல்கிறது, அவசரத்துக்கு ஒதுங்க வரும் நம்மை அல்ல. இதைக் காட்டி ஹோட்டல்காரரிடம் சண்டை போட வேண்டாம். தெற்கு டெல்லி மாநகராட்சி 2017 ஏப்ரலில் அதிகபட்சம் 5 ரூபாய் கட்டணத்தில் ஹோட்டல் கழிப்பறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் செய்தது. அப்படி உள்ளூர் உத்தரவு இருந்தால்தான் உரிமையாகக் கேட்க முடியும். இல்லாவிட்டால் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விடுவார்கள்.

பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி?

பங்க் உரிமையாளர்கள் 2025-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் கழிப்பறையைப் பொதுக் கழிப்பிடமாக்க முடியாது என்பது வாதம். ஜூனில் அவர்கள் பக்கம் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது. செப்டம்பரில் அதைத் திருத்திய நீதிமன்றம், தேசிய நெடுஞ்சாலைப் பங்க்குகள் வாடிக்கையாளருக்கும் பயணிகளுக்கும் 24 மணி நேரமும் கழிப்பறையைத் திறந்து வைக்க வேண்டும் என்றது.

தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிக் கழிப்பறை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. அசுத்தமாக இருந்தால் 1033-இல் புகார் சொல்லலாம். 2025 அக்டோபர் வரை, அசுத்தமான கழிப்பறையைப் படம் பிடித்து அனுப்பினால் ஃபாஸ்டேக்கில் 1,000 ரூபாய் என்று ஆணையமே அறிவித்திருந்தது. பங்க்குகளும் ஓட்டல்களும் அந்தத் திட்டத்தில் சேரவில்லை.

பெண்கள் கழிப்பறைக்குள் ஆண் நுழைந்தால் குற்றமா?

ரயில்வே இடத்தில் குற்றம். பெண்களுக்கென ஒதுக்கிய பெட்டியிலோ அறையிலோ தெரிந்தே நுழையும் ஆணை வெளியேற்றலாம். 500 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது ரயில்வே சட்டத்தின் 162-ஆவது பிரிவு. மற்ற இடங்களில் அவர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. பெண்ணின் அந்தரங்கத்தில் குறுக்கிட்டு இழிவு செய்யும் நோக்கம் இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 79-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. அவசரத்திலோ, போர்டு தெரியாமலோ நுழைந்துவிட்டு, "மன்னிச்சுக்கங்கம்மா" என்று வெளியே ஓடுகிறவரை இது தொடாது.

ஐந்து வயது மகளை அழைத்துவந்த அப்பா என்ன செய்வார்? கழிப்பறைக்கு இத்தனை வயது என்று எந்தச் சட்டமும் கோடு கிழிக்கவில்லை. வாசலில் நிற்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம் ஊரில் யாராவது ஓர் அக்கா கைப்பிடித்துக் கூட்டிப் போய்விடுவார். ஆனாலும் புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒரு குடும்ப அறையும் சேர்த்துக் கட்டினால் இந்தத் தவிப்பே இருக்காது.

திருநங்கைகள் எங்கே போவது?

2014 ஏப்ரல் 15-இல் நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம், திருநர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறை கட்டித் தரச் சொன்னது. கட்டியவை குறைவு. 2017-இல் தூய்மை இந்தியா ஊரகத் திட்டத்தின் வழிகாட்டுதல், சமுதாயக் கழிப்பறைகளில் ஆண், பெண் இரண்டில் எதை விரும்புகிறார்களோ அதை அவர்கள் பயன்படுத்தலாம் என்றது. 2019-ஆம் ஆண்டுத் திருநர் சட்டம், எல்லோரும் போகும் பொது இடத்துக்குள் அவர்களை விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கி, 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்றது. 2025 ஜனவரி 15-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும், இந்த முறை நீதிமன்ற வளாகங்களுக்கு, ஆண், பெண், மாற்றுத்திறனாளி, திருநர் என நால்வருக்கும் தனி வசதி செய்ய உத்தரவிட்டது. நீதி கேட்டு வரும் இடத்துக்கே இந்த உத்தரவு தேவைப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

'பெண் வேஷத்தில் யாராவது வந்துவிட்டால்?' என்ற பயத்தைச் சில பெண்கள் சொல்கிறார்கள். ஒளிந்து பார்த்தால், படமெடுத்தால், தொந்தரவு செய்தால் அது குற்றம். செய்தவர் எந்த உடையில் வந்தார் என்பதால் தண்டனை குறையாது. ஆண்கள் கழிப்பறைக்கு அனுப்பப்பட்டு அடியும் கேலியும் வாங்கும் திருநங்கையின் பயமும் இதே தராசில் ஏற வேண்டும். முழுக்கதவும் உள்தாழ்ப்பாளும் உள்ள அறைகளைக் கட்டினால் இரண்டு பயமும் குறையும். கட்டுமானத்தில் மிச்சம் பிடித்துவிட்டு மனிதர்களை மோதவிடுவதுதான் வாடிக்கையாக இருக்கிறது.

டிரையல் ரூமில் கேமரா இருக்குமோ என்று பயம். கண்ணாடியில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியுமா?

நம்ப முடியாது. சாதாரணக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருப்பதால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும். பூச்சு முன்பக்கம் இருந்தால், யோக்கியமான கண்ணாடியிலும் இடைவெளி இராது. மாறாக, கண்ணாடியோடு முகத்தை ஒட்டி இரு கையாலும் வெளிச்சத்தை மறைத்து உற்றுப் பாருங்கள். பின்னால் அறை இருந்தால் புலப்படும். விரலால் தட்டிப் பாருங்கள், காலியிடம் என்றால் ஓசை மாறும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால் லென்ஸ் மினுங்கலாம். ஆனால் கண்ணாடியைவிட நான் முதலில் பார்ப்பது தடுப்பின் மேலும் கீழும் உள்ள இடைவெளியைத்தான். ஒரு செல்போனை நீட்ட அது போதும்.

எதையாவது கண்டால் கழற்றாதீர்கள், தொடாதீர்கள். அப்படியே போட்டோ எடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒருவரை அங்கே நிறுத்திவிட்டு 112-ஐ அழையுங்கள். 'நாங்களே விசாரிக்கிறோம்' என்று மேனேஜர் சொல்வதற்குத் தலையாட்ட வேண்டாம். அந்த அரை மணி நேரத்தில் பதிவு அழிந்துவிடும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண்ணின் அந்தரங்கத்தைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் முதல் முறை 1 முதல் 3 ஆண்டு, மறுமுறை 3 முதல் 7 ஆண்டு சிறை. கழிப்பறையில் இருக்கும்போது எடுத்தாலும் இதேதான்.

ஆண்களைப் படமெடுத்தால்?

77-ஆவது பிரிவு பெண்களுக்கானது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு எல்லோருக்கும் உண்டு. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பூட்டிய கழிப்பறைக்கு யாரிடம் சொல்வது?

சென்னை என்றால் மாநகராட்சியின் 1913. மற்ற ஊர்களில் முதல்வரின் உதவி மையம், 1100. பூட்டோடு கதவைப் படமெடுத்து, இடத்தையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். புகார் எண் கொடுப்பார்கள். அதை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.