எஞ்சினின் மூச்சுக் குழாயும் அதன் வடிகட்டியும்

மோட்டார் வண்டியைப் பேணுவோர் காற்று வடிகட்டியையும் எண்ணெய் வடிகட்டியையும் உரிய காலத்தில் கவனிக்கத் தவறுவதில்லை. ஆயின், எஞ்சினின் கிராங்க் உறைக்கும் ஒரு மூச்சுக் குழாய் உண்டு என்பதையும், அதுவும் தூய்மையை வேண்டுவது என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இச்சிறு உறுப்பு அடைபடின் நல்ல எஞ்சினும் எண்ணெய் கக்கத் தொடங்கும். வடிகட்டி ஒன்றைப் பொருந்தா இடத்தில் பொருத்தினாலும் தீங்கு விளையும். கிராமங்களில் டிராக்டரும் பம்புசெட்டும் உடையோர்க்கு யோசனை கூறும் களப் பணியாளர்களும், தொழிற் பயிற்சிக் கூடங்களில் பழைய எஞ்சினைக் கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியர்களும் இதன் இயல்பைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

கசிவு வளி

உருளைக்குள் எரிபொருள் எரியும்போது தோன்றும் உயர்ந்த அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் வளையங்கள் உருளைச் சுவரோடு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியிருப்பினும், வளியின் ஒரு சிறு பகுதி அவற்றின் இடைவெளி வழியே கீழிறங்கிக் கிராங்க் உறையை அடைகிறது. இதனைக் கசிவு வளி எனலாம். புதிய எஞ்சினில் இது குறைவு. வளையங்கள் தேயத் தேய மிகுதியாகும்.

கசிவு வளியில் எரியாத பெட்ரோல் ஆவி, கரி, அமிலத் தன்மையுள்ள பொருள்கள், நீராவி ஆகியவை அடங்கியுள்ளன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது என்பது மாணவர்க்கு வியப்பளிக்கும் செய்தி. அதன் பெரும் பகுதி புகைக் குழாய் வழியே சென்றுவிடும். கீழிறங்கும் சிறு பகுதி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நீராக மாறி மசகெண்ணெயோடு கலக்கிறது. குறுகிய தொலைவே ஓடி அடிக்கடி நிறுத்தப்படும் வண்டிகளில் எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற மஞ்சட் கசடு படிவது இக்காரணத்தினாலேயே.

இவ்வளி வெளியேற வழியில்லையெனின் உறைக்குள் அழுத்தம் பெருகும். அதன் வலிமையைக் கணக்கிடுவது எளிது. அழுத்தம் 10 சென்டிமீட்டர் நீர் உயரத்திற்குச் சமம் என்று கொள்வோம். எண்ணெய்த் தொட்டியின் அடிப்பரப்பு 1000 சதுர சென்டிமீட்டர் ஆயின், அதன்மீது செயற்படும் விசை 10 கிலோகிராம் எடைக்கு ஈடாகும். இவ்வாறே ஒவ்வொரு கேஸ்கெட்டும் ஆயில் சீலும் உள்ளிருந்து தள்ளப்படுகின்றன. எண்ணெய் கசியும், அளவுக் கோல் தன் துளையிலிருந்து மேலெழும்பும். இதனை உணராமல் சீல்களை மட்டும் மாற்றுவோர், சில வாரங்களில் மீண்டும் அதே கசிவைக் காண்பர்.

மூன்று வகை அமைப்புகள்

வடிகட்டி பொருத்துமுன், எஞ்சின் எவ்வகையைச் சார்ந்தது என்று அறிதல் வேண்டும்.

முதல் வகை, இழுவைக் குழாய் உடையது. 1960ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கார்கள் பலவற்றில் இவ்வமைப்பைக் காணலாம். உறையிலிருந்து ஒரு குழாய் வண்டியின் அடிவரை இறங்கும்; அதன் முனை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். வண்டி ஓடுகையில் முனையைக் கடந்து செல்லும் காற்று உள்ளிருக்கும் வளியை இழுத்துச் செல்கிறது. அதற்கு ஈடான தூய காற்று எண்ணெய் ஊற்றும் மூடியிலுள்ள கம்பி வலை வழியே உட்புகுகிறது. வண்டி நின்றிருக்கையில் இவ்விழுவை இல்லாமற் போவது இதன் குறை.

இரண்டாம் வகையில் ஒரே மூச்சுத் துளைதான் உண்டு. பழைய டீசல் எஞ்சின்கள் பலவும் இவ்வகையின. நான்கு உருளை எஞ்சினில் இரு பிஸ்டன்கள் ஏறும்போது இரண்டு இறங்குவதால் உறையின் கொள்ளளவு அதிகம் மாறுவதில்லை. கசிவு வளி மட்டும் துளை வழியே வெளியேறும். ஒற்றை உருளை எஞ்சினின் நிலை வேறு. அங்கே பிஸ்டன் இறங்குந்தோறும் உறைக் காற்று நெருக்குண்டு வெளியேறுகிறது. ஏறுந்தோறும் வெளிக் காற்று உட்புக முயல்கிறது. ஆதலால், குஜராத்தின் ராஜ்கோட்டில் உருவான லிஸ்டர் வகை எஞ்சின்களைப் போன்றவற்றில் மூச்சுத் துளையில் ஒருவழி மடல் வால்வு அமைந்துள்ளது. அது காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. இதனால் உறையின் அழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க, எண்ணெய் இணைப்புகளில் கசியாமல் நிற்கிறது. மடலை நீக்கிவிட்டு வெறும் வடிகட்டியைச் செருகுவது பிழையாகும்.

மூன்றாம் வகை மூடிய அமைப்பு. இங்குக் கசிவு வளி பி.சி.வி. எனப்படும் வால்வின் வழியே உட்கொள் குழாய்க்குச் சென்று, மீண்டும் உருளையில் எரிக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் வண்டியிலேயே இத்தகைய வால்வு இடம்பெற்றிருந்தது. பின்னர் இதனைப் பரவச் செய்தது மாசு பற்றிய ஆராய்ச்சி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டம், ஹைடிரோ கார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதால் உண்டாவது என்பதை ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர் 1950களின் தொடக்கத்தில் விளக்கினார். கட்டுப்பாடற்ற காரொன்று வெளியிடும் ஹைடிரோ கார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிராங்க் உறையிலிருந்தே வருவதும் தெரியவந்தது. எனவே, கலிபோர்னியாவில் விற்கப்பட்ட 1961ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலும், 1963ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்கா முழுவதிலும் பி.சி.வி. வால்வு பொருத்தப்பட்டது.

எங்கே பொருத்தலாகாது

இன்றைய பெட்ரோல் கார்கள் அனைத்தும் மூன்றாம் வகையின. பாரத் நிலை விதிகளின்படி இவற்றின் கிராங்க் உறை வளி வெளிக் காற்றிற் கலத்தல் கூடாது. ஆயினும், “எஞ்சின் தாராளமாக மூச்சு விடும்” என்று கூறி, வால்வுக் குழாயைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவான சிறு வடிகட்டியைச் செருகும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. உட்கொள் குழாயில் உண்டான துளையை அடைக்காவிடின், கணக்கில் வராத காற்று அதன் வழியே புகுந்து எரிகலவையை நீர்க்கச் செய்யும். எஞ்சின் சீராக நின்றோடாது. துளையை அடைத்துவிட்டாலோ, உறையைக் கழுவிச் சென்ற காற்றோட்டம் நின்றுபோகும். ஈரமும் அமிலமும் எண்ணெயிலேயே தங்கி அதனை விரைவிற் கெடுக்கும். நச்சு ஆவியும் வண்டிக்குள் மணக்கும். இத்தகைய கார்களில் செய்யத்தக்கது, வால்வையும் குழாய்களையும் சோதித்துத் தேவையாயின் அதே வகை உறுப்பை மாற்றுவதே.

பொருத்தும் முறை

முதல் வகையில் இழுவைக் குழாயை அடைத்தலும் அதன் முனையை மேலே திருப்புதலும் கூடா. வடிகட்டிக்கு உரிய இடம் காற்று உட்புகும் மூடியே. பழைய கம்பி வலையை மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, எஞ்சின் எண்ணெயில் நனைத்து, மிகுதியை வடியவிட்டுப் பொருத்துக. வலை சிதைந்திருப்பின் அதே அளவுள்ள வடிகட்டி மூடியை இடலாம்.

இரண்டாம் வகைப் பல உருளை எஞ்சினுக்குக் கீழ்க்காணும் முறையைக் கையாள்க.

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் குளிரும்வரை காத்திருக்க வேண்டும்.

2. மூச்சுக் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயால் கழுவி உலர்த்துக. அடைப்பை நீக்காமல் புது வடிகட்டி இடுவதால் பயனில்லை.

3. குழாயின் வெளி விட்டத்தை அளந்து, அதற்கேற்ற கழுத்துள்ள வடிகட்டியைத் தேர்க. குறுகிய வாயுள்ளதைத் திணித்துப் பொருத்தலாகாது.

4. எண்ணெய்க்குக் கெடாத ரப்பர்க் குழாயைப் பயன்படுத்துக. சாதாரண நீர்க் குழாய் எண்ணெயில் ஊறித் தளர்ந்துவிடும். இரு முனைகளையும் கிளிப்பால் இறுக்குக.

5. குழாய் இடையில் தொய்வின்றி மேல்நோக்கியே செல்ல வேண்டும். அவ்வாறாயின் குளிர்ந்து திரளும் எண்ணெய் உறைக்கே திரும்பும். தொய்வு இருப்பின் எண்ணெயும் நீரும் அங்கே தேங்கி வழியை அடைக்கும்.

6. வெளிவரும் ஆவி தீப்பற்றக்கூடியது. புகைக் குழாய், பாட்டரி, மின்பொறி தோன்றும் உறுப்புகள் ஆகியவற்றிலிருந்து வடிகட்டி விலகியிருத்தல் வேண்டும்.

மணல் துகளின் தீமையையும் ஈண்டு நினைவிற் கொள்க. குவார்ட்சின் கடினம் மோஸ் அளவையில் 7. சாதாரண எஃகினும் மிகுதி. கண்ணுக்குப் புலனாகாத துகளும் எண்ணெயோடு சுழன்று பேரிங்குகளை அரிக்கும். ஆகவே, எண்ணெய் மாற்றுந்தோறும் வடிகட்டியையும் பார்த்தல் வேண்டும். புழுதி மிக்க வயல்களில் அதற்கு முன்னரே பார்த்தல் நலம்.

வகுப்பறைக்கு ஏற்ற சோதனை

நீர் நிறைந்த கிண்ணத்தில் ஒரு மெல்லிய குழலைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் முனைக்குக் குறுக்கே மற்றொரு குழலால் பலமாக ஊதினால், நீர் குழலில் மேலேறும். இழுவைக் குழாயின் தத்துவத்தை மாணவர் இதனால் உணர்வர்.

எஞ்சினையே சோதிக்க வேண்டின், வண்ண நீர் கொண்ட யு வடிவக் கண்ணாடிக் குழாயை ரப்பர்க் குழாயாலும் தக்கையாலும் அளவுக் கோலின் துளையோடு இணைக்க. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் இரு புறத்து நீர் மட்டங்களின் வேறுபாட்டைக் குறித்துக்கொள்க. ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு 98 பாஸ்கல் அழுத்தத்தைக் காட்டும். வடிகட்டி பொருத்துமுன் ஒரு முறையும் பொருத்திய பின் ஒரு முறையும் அளந்தால், அது வளியோட்டத்தைத் தடுக்கிறதா என்பது புலனாகும். தளர்ந்த ஆடையும் கைகளும் விசிறி அருகே செல்லாதவாறு ஆசிரியர் உடனிருத்தல் இன்றியமையாதது.

தூய வடிகட்டி இருந்தும் மூச்சுக் குழாயில் புகை ஓயாது வருமாயின், குறை வளையங்களிலோ உருளைச் சுவரிலோ உள்ளது. அதனை எந்த வடிகட்டியும் தீர்க்காது. 2023 ஏப்ரல் முதல் நாள் தொட்டு, 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு நீக்கப்பட்டு வருகிறது. எனினும் உழவர்களிடம் பழைய டிராக்டர்களும் பம்புசெட்டுகளும் இன்னும் பல உள்ளன. கசிவைக் கண்டதும் எஞ்சினைப் பிரித்துச் செலவிடுமுன், மூச்சுக் குழாயைக் கழற்றிப் பார்க்குமாறு அவர்களுக்கு எடுத்துரைத்தல் களப் பணியாளர் செய்யக்கூடிய நல்ல உதவியாகும்.