பார்ட்னருக்குத் தெரியாமல் பார்சல் வாங்குவது தப்பா? சின்ன ரகசியம் எப்போது சிக்கலாகும்?

“இது பழைய ஷூதான்பா, இப்பதான் எடுத்துப் போட்டிருக்கேன்” என்று வீட்டில் சமாளித்திருக்கிறீர்களா? புரட்டாசி முழுக்க சைவம் என்று ரெண்டு பேரும் பேசி வைத்துவிட்டு, ஆபீஸ் பக்கத்தில் பிரியாணியை முடித்துவிட்டு வந்தவரா? கவலைப்படாதீங்க, உங்களுக்கு நிறையத் துணை இருக்கிறது.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த டேனியல் பிரிக், கெல்லி வைட், கேவன் ஃபிட்ஸ்சைமன்ஸ் ஆகியோரின் ஆய்வு 2022-ல் ‘ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் சைக்காலஜி’ இதழில் வெளியானது. வாங்கியதையோ சாப்பிட்டதையோ நெருக்கமான ஒருவரிடம் சமீபத்தில் மறைத்ததாக அதில் 90 சதவீதம் பேர் சொன்னார்கள். மறைத்தது பெரும்பாலும் தீனி, துணிமணி, பரிசு போன்ற சாதாரண விஷயங்கள்தான்.

சுவாரஸ்யம் அடுத்ததுதான். மறைத்தவர்களுக்கு லேசான குற்ற உணர்வு வருகிறது. அதை ஈடுகட்ட, அவர்கள் உறவில் கூடுதல் அக்கறை காட்டுகிறார்கள்.

இது எப்படி நடக்கிறது?

ஒரு ஜோடியைக் கற்பனை செய்யுங்கள். கணவர் திருப்பதி அருகே ஏர்பேட்டில் உள்ள ஐஐடி-யில் ஆராய்ச்சி மாணவர். மனைவிக்கு சென்னையில் ஐடி வேலை. அவர் 2,000 ரூபாய்க்கு ஹெட்போன் வாங்குகிறார். போனில் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஆனால் மனசு உறுத்துகிறது. வார இறுதியில் சென்னை வந்ததும், “இன்னைக்கு சமையல் நான் பார்த்துக்கறேன், நீ ரெஸ்ட் எடு” என்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

எல்லா ரகசியமும் ஒன்றா?

இல்லை. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அரிசி டப்பாவிலும் அஞ்சறைப்பெட்டியிலும் பெண்கள் சேர்த்து வைத்திருந்த பணம் பல வீடுகளில் வெளியே வந்தது. அவர்கள் அதை மறைத்தது ஆசைக்காக மட்டும் இல்லை. ஆபத்துக்கு உதவும், கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பதற்காகவும்தான்.

ஆகவே, எதை வாங்கினோம் என்பதைவிட ஏன் மறைக்கிறோம் என்பதைப் பாருங்கள். பில் வாடகைப் பணத்திலோ இஎம்ஐ-யிலோ கை வைக்கிறதா? அப்படியானால் அது இருவரின் விஷயம், இன்றே பேசிவிடுங்கள். ஒரு சோப்பு வாங்கக்கூட பயந்து மறைக்க வேண்டியிருக்கிறதா? அப்போது பிரச்சினை உங்கள் ரகசியத்தில் இல்லை. பெண்ணுக்குச் செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதை, 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதார வன்முறையாகவே பார்க்கிறது. பெண்கள் உதவிக்கு 181-ஐ அழைக்கலாம்.

மற்றபடி, ஒரு எளிய வழி உண்டு. மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகையை, கணக்குக் கேட்காத பணமாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். பிறகு பார்சல் வந்தால் ஒளிக்க வேண்டிய வேலையே இருக்காது.